குஞ்சு பொரிக்கப் பெட்டி, வளர்க்கத் தாய்க்கோழி

சென்ற ஆண்டு கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்குச் சாமைப் பயிர் பார்க்கப் போயிருந்தேன். வயலைச் சுற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது, அந்த வீட்டு அம்மா உள்ளே போய் ஒரு தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். சாமையைப் பற்றி அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. சந்தேகமெல்லாம் அந்தப் பெட்டியைப் பற்றித்தான். குழுவில் கடன் எடுத்து வாங்கிய இன்குபேட்டர் அது. 40 முட்டை வைத்ததில் 9 குஞ்சு வந்தது. அந்த ஒன்பதிலும் பத்து நாளுக்குள் ஆறு செத்துவிட்டது. அதே வீட்டில், அதே மாதத்தில், கூடையில் 12 முட்டையோடு படுத்த கோழி 10 குஞ்சு இறக்கி வாசலில் மேய்த்துக்கொண்டிருந்தது. கோழிக்குத் தெரிந்தது பெட்டிக்கு ஏன் தெரியவில்லை சார் என்று கேட்டார்.

நான் உழவியல் படித்தவன். கோழி என் துறை இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி எனக்குப் புதிதும் இல்லை. கள்ளக்குறிச்சியில் என் வீட்டிலேயே அப்படி ஒரு பெட்டி வாங்கி, 48 முட்டை வைத்து, 11 குஞ்சு பார்த்தவன் நான். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் கால்நடை மருத்துவ நண்பர்களிடம் கேட்டும், படித்தும், பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்த்தும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் என்று எங்கே போனாலும் இந்தப் பெட்டி பற்றிய கேள்வி வருகிறது. வாங்க நினைக்கும் நீங்களும், வாங்கிப் பரணில் போட்டுவிட்ட நீங்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கோழியின் கணக்கு

முதலில் பெட்டி எதற்கு என்று பார்ப்போம். நம் ஊர் நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரைதான் இடும். அதையும் தொடர்ந்து இடாது. 12, 15 முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துவிடும். 21 நாள் அடை. பிறகு குஞ்சோடு இரண்டு, மூன்று மாதம். அந்தக் காலம் முழுக்க முட்டை இல்லை. இட்ட முட்டையை நாம் எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, கோழியின் அடையைத் தெளிய வைத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் அது மறுபடி முட்டைக்கு வந்துவிடும். ஆக, பெட்டியால் வரும் உண்மையான லாபம் கூடுதல் முட்டை. குஞ்சு அதற்குப் பிறகுதான்.

அடை தெளிய வைப்பதற்குக் கோழியைத் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைச் செருகுவது எல்லாம் இன்னும் நடக்கிறது. தேவையே இல்லை. அடியில் காற்றுப் போகிற கம்பிக் கூண்டிலோ, உயரத்தில் தொங்கவிட்ட கூடையிலோ, வைக்கோல் போடாமல், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று, நான்கு நாள் விட்டாலே போதும். வயிற்றுப் பகுதி குளிர்ந்தால் அடைக் குணம் தானாக இறங்கிவிடும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு வரி எப்போதும் விட்டுப்போகிறது. கோழி செய்வது இரண்டு வேலை. ஒன்று, 21 நாள் சூடு கொடுப்பது. இன்னொன்று, அதற்குப் பிறகு இரண்டு மாதம் குஞ்சை இறக்கைக்குள் வைத்து, பருந்துக்கு மறைத்து, எதைக் கொத்தலாம் எதைக் கொத்தக் கூடாது என்று காட்டிக் கொடுப்பது. பெட்டி முதல் வேலையை மட்டும்தான் வாங்கிக்கொள்கிறது. இரண்டாவது வேலை உங்கள் தலையில் விழுகிறது. வெள்ளிமலை அம்மாவின் ஆறு குஞ்சும் செத்தது அங்கேதான். பெட்டி விற்பவர் இதைச் சொல்வதில்லை.

முட்டையும் விதைதான்

என் துறைப் பக்கமிருந்து சொன்னால் எனக்கே எளிதாகப் புரிகிறது. முட்டை ஒரு விதை. முளைப்புத் திறன் குறைந்த விதையை எவ்வளவு நல்ல நாற்றங்காலில் விதைத்தாலும் முளைக்காது. பெட்டியைக் குறை சொல்லும் முன் முட்டையைப் பாருங்கள்.

சேவல் சேராத முட்டை பொரிக்காது. கடையில் வாங்கும் நாமக்கல் முட்டை, கூண்டில் சேவல் இல்லாமல் வளரும் கோழி இட்டது. அதை எத்தனை நாள் பெட்டியில் வைத்தாலும் கூமுட்டைதான். நாட்டு முட்டை என்று சந்தையில் வாங்கியதும் அப்படித்தான். எந்த வீட்டில் இட்டது, எத்தனை நாளானது என்று தெரியாமல் வைக்காதீர்கள். எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும். அந்தச் சேவலும் அதே பெட்டைகளுக்குப் பிறந்ததாக இருக்கக் கூடாது. ஒரே வீட்டுக்குள் அண்ணன் தங்கை, அப்பன் மகள் என்று சேர்ந்துகொண்டே போனால் கரு பலவீனமாகி, பொரிப்பு வருடா வருடம் குறையும். பக்கத்து ஊரோடு சேவலை மாற்றிக்கொள்வது நம் பாட்டிகள் செய்ததுதான். புதுச் சேவல் விட்டால் மூன்று வாரம் கழித்து எடுக்கும் முட்டையில்தான் அதன் வாரிசை நம்பலாம். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலுக்குள் பத்து நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

இனி, நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். முட்டைக்குள் இருக்கும் கரு சுமார் 20, 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறங்கும். அதற்கு மேலே போனால் மெதுவாக வளரத் தொடங்கும். முழுதாக வளர 37.5 டிகிரிக்கு மேல் வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்டால்? உறங்கவும் முடியாமல் வளரவும் முடியாமல் தாறுமாறாகக் கொஞ்சம் வளர்ந்து செத்துப்போகும். சித்திரை, வைகாசியில் கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் பக்கம் ஓட்டு வீட்டுக்குள் 36, 37 டிகிரி சாதாரணம். அங்கே ஒரு வாரம் கூடையில் சேர்த்து வைத்த முட்டை, பெட்டிக்குள் போகும்போதே பாதி செத்துவிட்டது. மழைக்காலத்தில் மண் ஈரமாக இருக்கும்போது விதையை அரைகுறையாக நனையவிட்டுப் பிறகு காயவிட்டால் என்ன ஆகுமோ, அதேதான் இதுவும்.

முட்டை சேமிக்க ஏற்ற வெப்பம் 13 முதல் 18 டிகிரி. கல்வராயன் மலையில் மார்கழி, தை மாதங்களில் வீட்டின் இருட்டு மூலையில் அது தானாகவே கிடைக்கும். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே வெப்பம் குறையும் என்பதால், கோமுகி அணை இருக்கும் அடிவாரத்தைவிட மேலே உள்ள ஊர்களில் நான்கைந்து டிகிரி குறைவாகவே இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மலைக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். கீழே இருப்பவர்கள் வாய் அகன்ற மண்பானைக்குள் ஈர மணலைப் பரப்பி, அதன் மேல் சின்னச் சட்டியில் முட்டையை வைத்து, நனைந்த துணியால் வாயை மூடிக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். முட்டை நனையக் கூடாது. ஃபிரிட்ஜ் வேண்டாம், 4, 5 டிகிரி கருவுக்கு அதிகக் குளிர். கோடையில் மூன்று, நான்கு நாள் முட்டைக்கு மேல் சேர்க்காதீர்கள். மற்ற காலத்தில் ஏழு நாள்.

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி வர வேண்டும். கோழி 12 முட்டை இட இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறதே, முதல் முட்டை எப்படிக் கெடாமல் இருக்கிறது? அடுத்த முட்டை இட வரும்போதெல்லாம் அது பழைய முட்டைகளின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, சூடேற்றி, அலகால் புரட்டிவிட்டுப் போகிறது. அந்தக் கொஞ்ச நேரச் சூடு கருவின் உயிரை நீட்டிக்கிறது. பெரிய பொரிப்பகங்களில் முட்டையை அதிக நாள் வைக்க நேர்ந்தால், இடையில் சில மணி நேரம் சூடேற்றி மறுபடி குளிரவிடும் முறையை இப்போது கடைப்பிடிக்கிறார்கள். கூடையில் முட்டையைச் சேர்த்து வைக்கும் நமக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் நாள் கணக்கு நமக்கு முக்கியம்.

முட்டையைக் கழுவ வேண்டாம். ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் போனால் கிருமி உள்ளே நுழையும். அழுக்கு அதிகமென்றால் அந்த முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்பப் பெரியது, ரொம்பச் சிறியது, உருண்டையானது, ஓடு சொரசொரப்பானது, கீறல் விட்டது எல்லாம் தள்ளுபடி. கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். காற்றறை அகன்ற முனையில் இருக்கிறது. குஞ்சு கடைசியில் முதல் மூச்சை அங்கேதான் இழுக்கும்.

திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள்

என் வீட்டில் 48-க்கு 11 வந்த கதையின் காரணம் இது. பெட்டியின் திரை 37.7 என்று காட்டிக்கொண்டே இருந்தது. 19-ஆம் நாளே குஞ்சுகள் ஓட்டை உடைக்க ஆரம்பித்தன. வந்த குஞ்சுகளுக்குத் தொப்புள் சரியாக மூடவில்லை. முன்கூட்டியே பொரிப்பதும், மூடாத தொப்புளும் அதிகச் சூட்டின் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டில் இருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். 39-ஐத் தாண்டி நின்றது. விற்றவரிடம் கேட்டேன், முட்டை சரியில்லை என்றார்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, முட்டை வைக்கும் முன் இரண்டு நாள் பெட்டியை வெறுமனே ஓட்டி, காய்ச்சல் தெர்மாமீட்டரால் சோதியுங்கள் என்பதுதான். அது 35 முதல் 42 டிகிரி வரை மட்டுமே அளக்கச் செய்தது. நமக்கு வேண்டிய இடமும் அதுவே. பாதரசத் தெர்மாமீட்டர் ஏறிய உயரத்திலேயே நிற்கும் என்பதால், அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்த இடைவெளியில் சூடு எவ்வளவு வரை போனது என்று காட்டிக்கொடுத்துவிடும். உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை இருக்கும் உயரத்திலேயே படுக்க வையுங்கள். கொதிக்கும் தண்ணீரில் விட்டுத் தெர்மாமீட்டரைச் சோதிக்கச் சொல்பவர்கள் உண்டு. மலையில் அது சரிவராது. 800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 97, 98 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்.

உள்ளே காற்றாடி இருக்கும் பெட்டிக்கு 37.5 முதல் 37.8 டிகிரி. காற்றாடி இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிருமாக இருக்கும் என்பதால், முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.8 வரை வரலாம். முடிந்தால் காற்றாடி உள்ளதையே வாங்குங்கள். ஒரு டிகிரி குறைந்தால் பொரிப்பு ஒரு நாள் தாமதமாகும். ஒரு டிகிரி கூடினால் உயிர் போகும். சந்தேகம் வந்தால் குறைவின் பக்கமே சாயுங்கள்.

எகிப்தில் பல நூற்றாண்டுகளாக மண்ணால் கட்டிய அடுக்குச் சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்து வந்தார்கள். தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமையில் வைத்துப் பார்ப்பார்கள். பிரெஞ்சு விஞ்ஞானி ரெயோமூர் 1749-ல் அந்தக் கலையை ஆராய்ந்து புத்தகமே எழுதினார். இமையை நம்பியவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம் இருந்தது. நமக்கு அது இல்லை. காய்ச்சல் தெர்மாமீட்டர் இருக்கிறது.

ஈரப்பதத்துக்கு வருவோம். முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். மலிவான ஈரப்பதமானி பத்து சதவீதம் தப்பாகக் காட்டுவது சகஜம். அதைச் சோதிக்க, மூடியுள்ள டப்பாவில் ஒரு சின்னக் கிண்ணம் கல்லுப்பை வைத்துச் சேறாகும் அளவு தண்ணீர் விட்டு, பக்கத்தில் கருவியை வைத்து மூடி ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் ஏழு கூட்டிக்கொள்ளுங்கள்.

அதைவிட நம்பிக்கையானது சமையலறைத் தராசு. முட்டை 18 நாளில் தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் வரை நீராக இழக்க வேண்டும். பத்து முட்டையைப் பென்சிலால் குறித்து எடை போடுங்கள். தொடக்கத்தில் 450 கிராம் என்றால் 18-ஆம் நாள் 396 கிராம் பக்கம் இருக்க வேண்டும். நடுவில் 9-ஆம் நாள் 423. அதைவிட வேகமாக எடை குறைந்தால் தண்ணீர்த் தட்டைப் பெரிதாக்குங்கள். குறையவில்லை என்றால் தட்டை எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டிக்குத் தண்ணீரே தேவைப்படாத நாட்களும் உண்டு. மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் முட்டை கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு வேகமாக நீரை இழக்கும். கீழே சரியாக ஓடிய பெட்டியை அப்படியே மேலே கொண்டுபோய் வைத்தவர்கள் இதைக் கவனியுங்கள்.

புரட்டுவது நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை. ஒற்றைப்படை எண் ஏன் என்றால், இரவு நீண்ட நேரம் ஒரே பக்கம் கிடக்கும் முட்டை மறுநாள் இரவு மறுபக்கம் கிடக்க வேண்டும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுக்கொண்டால் குழப்பம் வராது. புரட்டாவிட்டால் கரு மேலே மிதந்து ஓட்டின் உள்தோலில் ஒட்டிக்கொள்ளும். 18-ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்துங்கள். அதன் பிறகு பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். ஓட்டில் துளை விட்ட குஞ்சு வெளியே வர 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். பாவம் என்று ஓட்டைப் பிய்த்து உதவி செய்பவர்கள்தான் அதிகம் கொல்கிறார்கள். ரத்தக் குழாய் வற்றும் முன் தோலைக் கிழித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு போய்விடும்.

கரண்டு போனால்

இரண்டு 40 வாட் குண்டு பல்பு உள்ள பெட்டி, பாதி நேரம் எரிகிறது என்று வைத்தால் நாளுக்கு ஒரு யூனிட். 21 நாளுக்கு 21 யூனிட். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்பதால் பலருக்கு இது சுமையாகத் தெரியாது. மலையில் மார்கழி இரவில் செலவு கூடும். பல்பு பீஸ் போனதும் வீட்டில் கிடந்த எல்இடி பல்பை மாட்டிய ஒருவரைப் பார்த்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது, சூடுதான் இல்லை. குண்டு பல்பு கிடைக்கும்போதே இரண்டு உபரியாக வாங்கி வையுங்கள்.

கோழியே நாளுக்கு ஒருமுறை 15, 20 நிமிடம் எழுந்து போய்த் தீனி தின்றுவிட்டுத்தான் வருகிறது. அதனால் ஒரு மணி, இரண்டு மணி நேர மின்வெட்டுக்குப் பயப்பட வேண்டாம். பெட்டியைத் திறக்காமல் மேலே கம்பளியைப் போர்த்துங்கள். அதற்கும் மேல் நீண்டால் சுடுதண்ணீர் ஊற்றிய பாட்டில்களைத் துணியில் சுற்றி முட்டையைத் தொடாமல் உள்ளே வையுங்கள். கடைசி மூன்று நாளில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அப்போது வளர்ந்த குஞ்சு தானே சூடு விடும், காற்றும் அதிகம் கேட்கும். கம்பளியால் காற்றுத் துளைகளை அடைத்துவிட்டால் மூச்சு முட்டிச் சாகும்.

மழையும் காற்றுமாக மரம் விழுந்து ஒரு நாள் முழுக்க மின்சாரம் வராத ஊர்கள் மலையில் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் பெட்டியை மட்டும் நம்பி 100 முட்டை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பேட்டரியிலும் ஓடும் பெட்டியாக வாங்குங்கள். அல்லது நான் கீழே சொல்லும் வழிக்கு வாருங்கள்.

உடைத்துப் பாருங்கள்

ஏழாம் நாள் இரவு, இருட்டறையில், அட்டைக் குழாய் ஒன்றை செல்போன் டார்ச்சின் மேல் வைத்து முட்டையின் அகன்ற முனையைப் பொருத்திப் பாருங்கள். சிலந்தி வலைபோல ரத்தக் குழாய் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றுமே தெரியாமல் தெளிவாக இருந்தால் கரு சேரவில்லை, அல்லது ஆரம்பத்திலேயே போய்விட்டது. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் சில நாள் வளர்ந்து செத்தது. இந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். விட்டால் அழுகிப் பெட்டிக்குள்ளேயே வெடிக்கும்.

22-ஆம் நாள் மிச்சமிருக்கும் முட்டைகளைக் குப்பையில் போடாமல் தோட்டத்துக்குக் கொண்டுபோய், மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாக உடையுங்கள். பிடிக்காத வேலைதான். ஆனால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. பெரும்பாலும் முதல் மூன்று, நான்கு நாளில் செத்திருந்தால் சேமிப்பில் தவறு. முழுக் குஞ்சாக வளர்ந்து, ஓட்டுக்குள் கொழகொழவென்று ஈரமாகக் கிடந்தால் ஈரப்பதம் அதிகம். தோல் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டியிருந்தால் குறைவு. எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதுங்கள். வெள்ளிமலை அம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்த முட்டைகளை அவர் உடைத்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் ஆரம்பத்திலேயே செத்தவை. விசாரித்தால், சித்திரையில் அடிவாரத்து உறவினர் வீட்டில் பத்து நாள் சேர்த்து, பைக்கில் மலை ஏற்றிய முட்டைகள். அதாவது, பெட்டி பாதிக் குற்றவாளிகூட இல்லை.

இரவில் கோழிக்கு அடியில்

இனி இரண்டாவது வேலைக்கு. பெட்டிக் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. செய்தித்தாள் மேல் விடாதீர்கள். வழுக்கிக் கால் அகன்றுவிடும். சாக்கு அல்லது உமி நல்லது. மின்சாரம் இல்லாத இரவில் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக் குஞ்சையும் தங்களையும் ஆபத்தில் தள்ளியவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

நான் பரிந்துரைப்பது வேறு. பெட்டியில் முட்டை வைக்கும் அதே மாலையில், நல்ல அடைக்கோழி ஒன்றையும் 8, 10 முட்டையோடு கூடையில் வையுங்கள். பாட்டி வைத்த மாதிரியே மணலும் வைக்கோலும் போடுங்கள். இரும்புத் துண்டும் கரித் துண்டும் வரமிளகாயும் வைப்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள், அதனால் கெடுதல் இல்லை. 21-ஆம் நாள் இரண்டு இடத்திலும் ஒன்றாகப் பொரிக்கும். பெட்டிக் குஞ்சுகளின் இறகு உலர்ந்த பிறகு, அன்று இரவோ மறுநாள் இரவோ, விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கோழியின் அடியில் தள்ளிவிடுங்கள். விடிந்ததும் அது எல்லாவற்றையும் தன் குஞ்சாகவே மேய்க்கும். பகலில் கண்ணெதிரே விட்டால் கொத்தும். குஞ்சுக்கு இரண்டு, மூன்று நாளைக்கு மேல் வயதாகிவிட்டாலும் ஒட்டாது. அதுவரை குஞ்சு பட்டினி கிடக்குமே என்று பதற வேண்டாம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும்.

ஒரு கோழி 12 முட்டைக்கு மேல் சரியாக அணைக்க முடியாது. ஆனால் குஞ்சு என்றால் கீழே 20, மலைக் குளிரில் 15 வரை இறக்கைக்குள் வைத்துக்கொள்ளும். ஆக, ஐந்து பெட்டை இருக்கும் வீட்டில் ஒன்றோ இரண்டோ தாயாக இருக்கட்டும். மற்றவை முட்டைக்குத் திரும்பட்டும். நடுவில் மின்சாரம் போனால் அவசரத்துக்குச் சில முட்டைகளைத் தாய்க்கோழியிடமே ஒப்படைக்கலாம். முதல் இரண்டு வாரம் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்தால் கவிழ்த்து வைத்தால் பருந்தும் கீரியும் நெருங்காது. சாமை நொய், கேழ்வரகு நொய் எல்லாம் குஞ்சுக்கு நல்ல தொடக்கத் தீனி. ஆனால் அது மட்டும் போதாது, கரையான், கடலைப் பிண்ணாக்கு என்று புரதமும் வேண்டும்.

இந்த முறைக்கு அடைக்குப் படுக்கும் கோழி வேண்டும். வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்கள் நிறைய முட்டை இடும், அடைக் குணம் குறைவு. அவற்றை வளர்ப்பதில் தவறில்லை. மலையில் இருக்கும் சிறுவிடைக் கோழிகளை விற்றுவிட்டு அவற்றை மட்டும் வளர்ப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. வீரிய விதை வந்ததும் வீட்டு விதையைக் கைவிட்ட கதை என் துறையில் நிறையப் பார்த்தாயிற்று. நல்ல தாயாக இருந்த கோழியின் மகனையே அடுத்த ஊருக்குச் சேவலாகக் கொடுங்கள்.

பெட்டியோடு முட்டையும் தந்து, குஞ்சைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று யாராவது வந்தால், 2012-ல் கொங்குப் பகுதியில் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தொழிலாகவே செய்ய விரும்புபவர்களுக்கு தேசியக் கால்நடை இயக்கத்தில் 1,000 தாய்க்கோழிப் பண்ணையும் பொரிப்பகமும் சேர்த்து 50 சதவீத மானியம், அதிகபட்சம் 25 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. அது வேறு அளவு, வேறு ஆள் பலம். கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள்.

மருந்தகம் என்றதும் கடைசி விஷயம். நாட்டுக்கோழியை ஊரோடு வாரிக்கொண்டு போவது வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். குஞ்சு பிறந்து ஐந்து முதல் ஏழு நாளுக்குள் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து. நான்காவது வாரம் மறுபடி. எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. சிக்கல் என்னவென்றால், மருந்துக் குப்பி நூறு, இருநூறு குஞ்சுக்கான அளவில் வருகிறது. கலக்கிய பிறகு ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். 18 குஞ்சு வைத்திருக்கும் ஒரு வீட்டுக்காக மலை மேல் யார் ஒரு குப்பியை உடைப்பார்கள்? அதனால் போடாமலே விட்டுவிடுகிறார்கள்.

வெள்ளிமலைப் பக்கத்து அந்த ஊரில் இந்தத் தை மாதம் ஆறு வீட்டில் ஒரே வாரத்தில் முட்டை வைத்தார்கள். பெட்டி ஒன்றுதான், அந்த அம்மாவுடையது. முட்டைகளில் வீட்டுக்கு ஒரு குறி. தாய்க்கோழி வீட்டுக்கு ஒன்று. பொரித்த ஆறாம் நாள் காலையில் ஒருவர் தெர்மாஸ் குடுவையில் ஐஸ் வைத்துக் குப்பியோடு வந்தார். ஏழரை மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் எல்லா வீட்டுக் குஞ்சுக்கும் சொட்டு போட்டாயிற்று. நீங்களும் முட்டை வைக்கும் முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டு, நாளை ஒன்றாகக் குறியுங்கள்.